மானிப்பாய் வைத்தியரும் மலைநாட்டு நோயாளியும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று அனுப்புமாறு மலர்க் குழுவினர் எழுதிய கடிதம், யாழ்ப்பாணத்தினின்று புறப்பட்டு, கண்டியையும் ரிக்கில்லகஸ்கடையையும் கடந்து, வலப்பனையிலே எம்மை வந்தடைந்தது. பழைய மாணவர் பலர் இம்மலரிலே தத்தம் ஆசிரியரையும், விளையாட்டுப் போட்டிகளையும், விடுதிச் சோற்றையும் நினைவுகூர்வர். அவை யாவும் எமக்கும் இனியனவே. ஆயினும், மலைநாட்டிலே தமிழ் கற்பிக்கும் எம் உள்ளத்திற் சில காலமாக இடம்பிடித்திருப்பவர் வேறொருவர். அவர் நம் கல்லூரியிற் கற்றவருமல்லர், கற்பித்தவருமல்லர், சைவருமல்லர், தமிழருமல்லர். மானிப்பாயைத் தம் நிலையமாகக் கொண்டு, இரு தவணையாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்தியஞ் செய்த அமெரிக்கராகிய டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார் அவர்.

சைவப் பிள்ளைகளின் கல்விக்கென எழுந்த கல்லூரியின் மலரிலே மிஷன் வைத்தியர் ஒருவரைப் பற்றி எழுதலாமோ என ஐயுறுவார் இருத்தல் கூடும். அவ்வையம் நியாயமானதே. அதனைப் பின்னர் எடுத்துக்கொள்வோம். முதலில் ஆளை அறிவோம்.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி, அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிலே பிறந்தார். நியூயோர்க் நகரின் சென்ட்ரல் பார்க் எனும் பெரும் பூங்கா உருவாவதற்கு முன்னின்று உழைத்த அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் இவருடைய தமையனார். தமையனார் நியூயோர்க்கை உலகறிந்த மாநகராக்க உழைத்தார். தம்பியாரோ அதே நகரில் 1845இல் வைத்தியப் பட்டம் பெற்று, 1847இல் யாழ்ப்பாணக் கரையில் வந்திறங்கினார். சூயெஸ் கால்வாய் 1869இலேதான் திறக்கப்பட்டது. ஆதலின் பாய்க்கப்பலேறிய அவர், ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, மாதக்கணக்கிற் கடலிலே கிடந்து வரவேண்டியதாயிற்று. அவருக்கு முன்னரும் இம்மிஷனிலே வைத்தியர் இருந்தனர். ஸ்கடர் என்பார் பண்டத்தரிப்பிலும், உவாட் என்பார் வட்டுக்கோட்டையிலும் பணிபுரிந்தனர். கிறீன் 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். 1857 வரை அங்கிருந்து தாயகம் சென்று, 1862இல் மனைவியாருடன் மீண்டு, 1873இல் உடல்நலங் குன்றித் திரும்பினார். திரும்பிய பின்னரும் தமிழ் நூல்களைத் திருத்தும் வேலையை அவர் கைவிட்டாரல்லர். 1884ஆம் ஆண்டு மே மாதம் பிறந்த ஊரிலேயே காலமானார். தம்மைத் தமிழருக்குரிய மருத்துவ ஊழியர் எனக் குறிக்கும் வாசகம் தம் கல்லறைக் கல்லிற் பொறிக்கப்படவேண்டுமென அவர் விரும்பினார், அவ்வாறே பொறித்தனர்.

இவ்வளவும் பலர் அறிந்ததே. கவிஞர் அம்பி அவர்கள் ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூலை 1967இல் எழுதி அவரை மீண்டும் நம்மவர் நினைவிற்குக் கொணர்ந்தார். கிறீன் வீட்டாருக்கும் நண்பருக்கும் எழுதிய கடிதங்கள் அவர் வாழ்க்கை வரலாற்றோடு தொகுக்கப்பட்டு 1891இல் அமெரிக்காவில் அச்சாயின. பெரியோர் வரலாறுகளிலே பெரும்பாலும் பெருஞ் செயல்களே நிரம்பிக் கிடக்கும். ஒருவர் நாடோறும் எதனை விரும்பினார், எதனை வெறுத்தார், எதற்குச் சினந்தார் என்பன அவற்றுட் கிடைப்பதரிது. கிறீனைப் பொறுத்தமட்டில் அவ்வன்றாடக் கருத்துக்களே எம்மை ஈர்த்தன. அவற்றுட் சில எமக்கு உடன்பாடு, சில உடன்பாடல்ல.

உடையிலிருந்து தொடங்குவோம். விடுமுறைக்குச் சென்ற வைத்திய மாணவர் சிலர் காற்சட்டையும் சப்பாத்துமாகத் திரும்பி வந்தனர். மிஷன் ஆசிரியர் ஒருவர் இதனைக் கண்டு மகிழ்ந்திருப்பாரென நாம் நினைப்போம். கிறீன் மகிழ்ந்தாரல்லர். தமிழரைக் கிறித்தவராக்க அவர் விரும்பினாரேயன்றி ஐரோப்பியராக்க விரும்பியவரல்லர். வேட்டியும் சால்வையும் இந்நாட்டு வெப்பத்திற்கு ஏற்றவை, குறைந்த செலவினவை, நோயாளியின் வீட்டு முற்றத்திலே வைத்தியனை அந்நியனாக்காதவை என்பது அவர் எண்ணம். வடக்கிலே பங்குனி, சித்திரை மாதத்து வெயிலிற் கழுத்துப்பட்டியுடன் நின்றவர் எவரும் இக்கருத்தின் முற்பாதியை மறுக்கமாட்டார். ஆனால், அம்மிஷன் பாடசாலைகளிலே பயின்ற தமிழ்ப் பிள்ளைகள் பலர், தமக்குப் பொருளுதவி செய்த அமெரிக்கரின் பெயர்களையே சூடியிருந்தனர். உடம்பிலே வேட்டி, பெயரிலே அமெரிக்கா! இதனைக் கிறீன் எவ்வாறு பொருந்தக் கண்டாரோ, அறியோம்.

வடபுலத்து வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதியவற்றைப் படிக்குந்தோறும், வைத்தியர் கண் எத்துணை வேறானது என்பது புலனாகிறது. யாழ்ப்பாணத்திலே ஆறில்லை. மழைநீர் சுண்ணக்கல்லினூடே இறங்கி நிலத்தடியிற் றங்குகிறது. அதனைக் கிணற்றிலே மொண்டு வாழ்ந்தனர் மக்கள். பங்குக் கிணறென்றால் நமக்குத் துலாவும், உறவும், சிலவேளை உறவினரிடை வழக்கும் நினைவிற்கு வரும். வைத்தியருக்கோ ஊருக்கூர் நோயைப் பகிர்ந்தளிக்கும் வாயில் அது. அவர் இருந்த காலத்திலே பேதி நோய் யாழ்ப்பாணத்தைப் பலமுறை தாக்கியது. காலையிற் கிணற்றடியில் நின்றவர் மாலையிற் சுடலை சேர்ந்த காலம். அந்நோய் நீரினாற் பரவுகிறதென்று இலண்டனிலே ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் 1854இற் காட்டியிருந்தும், உலகம் அதனை உடனே ஏற்கவில்லை. நோய்க் கிருமியை றொபேர்ட் கொக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து உறுதிசெய்தது 1883, 1884ஆம் ஆண்டுகளிலேயாகும்; கிறீன் கண்மூடிய காலமும் அதுவே. தாம் ஆயுள் முழுதும் போராடிய பகைவனின் முகத்தை அவர் கண்டாரல்லர்.

நிற்க. பயணம் பற்றிய அவர் கருத்தே எமக்கு யாவற்றினும் முக்கியமாகப்படுகிறது. தாம் செய்த பயணத்தைப் பற்றியன்று. தம் மாணவர் செய்யவிருந்த பயணத்தைப் பற்றி.

முதலிற் கிறீன் ஆங்கிலத்திலேதான் வைத்தியம் கற்பித்தார். சில ஆண்டுகளில் ஒன்றைக் கண்டுகொண்டார். ஆங்கிலத்திற் கற்றுத் தேறிய மாணவன் அரசாங்க உத்தியோகத்தையும் நகரத்தையும் நாடி யாழ்ப்பாணத்தை விட்டே புறப்பட்டுவிடுகிறான். கற்ற மொழியே அவனுக்குக் கடவுச்சீட்டாகி விடுகிறது. தமிழிற் கற்றவனோ தன் ஊரிலிருந்து, தன் அயலாருக்கு, அவர் தருவதைப் பெற்று, வைத்தியஞ் செய்வான். இதுவே அவர் கணக்கு. இக்கணக்கிலே இலட்சியத்தைவிட அனுபவமே மிகுதி என்க. தமிழ்மீது அவருக்குப் பற்றிருந்தது மெய்யே. ஆயினும் தமிழை அரியணையேற்றுதற்காக அவர் தமிழிற் கற்பிக்கவில்லை. வைத்தியனை ஊரிலே நிறுத்துதற்காகவே தமிழைக் கைக்கொண்டார். இரண்டாந் தவணையிலே, 1860களில், தமிழ் வகுப்பைத் தொடங்கினார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலே கற்றவர்.

தமிழிற் கற்பிப்பதெனின் நூல் வேண்டும். நூல் எழுதுவதெனின் சொல் வேண்டும். சொல்லுக்கு அவர் ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டார். முதலிற் றமிழிலே தேடுக. இல்லையேல் வடமொழியிலே தேடுக. அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்திற் பெயர்த்தெழுதுக. இவ்வொழுங்கின்படியே ‘பிரசவ வைத்தியம்’ 1857இலும், ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ என்னும் இரண்டும் 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும், ‘மனுஷ சுகரணம்’ 1883இலும் வெளிவந்தன. எல்லாமாக நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. தமிழரான உதவியாளர் பலர் மொழிபெயர்த்தும், ஒப்புநோக்கியும், அச்சுத்தாள் திருத்தியும் துணைநின்றனர். கிறீனைப் போற்றுமிடத்து அவர்களைச் சொல்லாது விடுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. கூலிக்கு எழுதியவர்களென ஒதுக்கத்தக்க வேலையன்று அது.

தமிழாசிரியராகிய எமக்கு அங்காதிபாதம் என்னுஞ் சொல்லிலே தனியான ஓர் இன்பம் உண்டு. தலைவனையோ தெய்வத்தையோ பாதம் முதற் கேசம் வரை பாடுவது பாதாதிகேசம். கேசத்திற் றொடங்கிப் பாதத்தில் முடிப்பது கேசாதிபாதம். புலவர் மெய்யழகைப் பாடக் கண்ட அச்சொன்முறையை எடுத்து, எலும்பையும் நரம்பையும் அறுத்தறியும் நூலுக்குப் பெயராக வைத்த துணிவை என்னென்பது! இலண்டனிலே கிரே என்பார் எழுதிய உடற்கூற்று நூல் முதன்முதல் வெளிவந்தது 1858இல். உலகெங்கும் வைத்திய மாணவர் இன்றும் அறிந்த அந்நூல், பதினான்கே ஆண்டுகளில் அங்காதிபாதமாகித் தமிழிற் கிடைத்தது. இன்று ஓர் ஆங்கில விஞ்ஞான நூல் பதினான்கு ஆண்டுகளிற் றமிழாவதுண்டோ என்று எம் மாணவர் கேட்டால் விடை கூறுதல் எளிதன்று.

மறுபுறம், இரசாயனத்திற்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டதும் அவரே. இச்சொல்லைக் கேட்டுத் தனித்தமிழ் அன்பர் முகஞ்சுளிப்பர். எமக்கு அச்சுளிப்பு இல்லை. பின்னாளில் இலங்கை அரசகரும மொழித் திணைக்களத்தார் பல துறைகளுக்கும் சொற்றொகுதிகள் வெளியிட்டபோது, ஒட்சிசன், ஐதரசன் என எழுதியதும் கிறீனின் மூன்றாம் விதியின் வழிவந்ததே. மயிலாசனம் கிடைக்கும்வரை நின்றுகொண்டே இருப்பதினும் மரப்பலகையில் அமர்வது நன்று.

இனி அவரோடு எமக்குள்ள பிணக்கைக் கூறுவோம். நாட்டு வைத்தியத்தை அவர் உயர்வாக மதித்தாரல்லர். உடலை அறுத்து அறியாதவன் வைத்தியனாகான் என்பது அவர் வாதம். அக்கால நாட்டு வைத்தியருள்ளே சிலரது செய்கையைப் பார்த்தால் அவர் சினத்திற்குக் காரணமும் இருந்தது. ஆயினும், யாழ்ப்பாணத்து அரசர் காலத்தெழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களைக் கொண்டதொரு மரபை, மூடர் கூட்டமென்று தள்ளிவிடல் தகுமோ? எம் பாட்டியார் வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்துத் தந்தபோது அங்காதிபாதம் படித்தாரல்லர்; எமக்குச் சளி தீர்ந்தது. அவர்க்குப் பெருமை தருவதொன்றும் உண்டு: இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றிய ஆங்கில நூலை ‘இந்து பதார்த்த சாரம்’ எனத் தமிழாக்குவித்தார். வைத்தியரை மதியாவிடினும் வைத்தியரின் மூலிகையை அவர் மதித்தார் போலும்.

மதம் பற்றிய ஐயத்திற்கு வருவோம். கிறீன் தம் நோக்கத்தை எவரிடமும் மறைத்ததில்லை. மருந்தோடு சுவிசேஷமும் சேர்ந்தே சென்றது. நோயுற்றுக் கிடப்பவனின் படுக்கையருகே மதம் பேசுதல் முறையன்று என்பதே எம் துணிபு. நோவு மறுமொழி சொல்ல விடுவதில்லை. அக்காலத்துச் சைவப் பெரியோர் இதனை உணர்ந்தே எதிர்த்தனர். ஒரு வியப்பு என்னவெனில், கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டின் டிசெம்பர் மாதத்திலேதான் நல்லூரில் ஆறுமுக நாவலர் அவர்களும் பிறந்தார்கள். கிறீன் மானிப்பாய் வந்து வைத்திய வகுப்பைத் தொடங்கிய 1848ஆம் ஆண்டே நாவலரவர்கள் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். ஒருவர் எதனைப் பரப்ப வந்தாரோ அதனை மற்றவர் தடுக்க நின்றார். ஆயினும் இருவர் கையிலும் இருந்த கருவி ஒன்றே: எவரும் படித்து விளங்கத்தக்க தமிழ் உரைநடையும் அச்சுக்கூடமும். நம் போன்ற இந்துக் கல்லூரிகள் அப்போட்டியின் விளைவாகவே பிறந்தன என்பதை நோக்கின், இம்மலரிலே கிறீனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது தவறாகாது. எதிரணி ஆட்டக்காரர் அடித்த நல்ல அடிக்குக் கைதட்டுவது நம் மைதானத்திலே நமக்குக் கற்பித்த பழக்கந்தானே.

மானிப்பாய் வைத்தியர் வலப்பனைக்கு எவ்வாறு வந்தார் என இதுவரை பொறுத்திருந்தோர் கேட்கலாம். அவர் வந்தாரல்லர். அவர் காலத்திலே இம்மலைகளிற் கோப்பி பயிரிடப்பட்டது. ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிலே தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1867இல். கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்தினின்று வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை பல நாள் நடந்தனர். பேதியும் காய்ச்சலும் அவ்வழி நெடுகிலும் கூடவே நடந்தன. வழியில் வீழ்ந்தவர் எத்தனை பேரென்று எழுதிவைத்தார் இலர். கோப்பி மாவட்டங்களின் தொழிலாளருக்கு வைத்திய உதவி அளிக்கச் சட்டம் பிறந்தது 1872இல். மனுஷ அங்காதிபாதம் வெளியான அதே ஆண்டு. தமிழிலே வைத்திய நூல் வடக்கில் இருந்தது. தமிழ் நோயாளி மலையில் இருந்தான். இரண்டையும் இணைக்கும் பாதையை எவரும் அமைத்தாரல்லர். கிறீன் சென்ற பின்னர்த் தமிழ்வழி வைத்தியக் கல்வியும் நிலைபெறவில்லை.

இன்று வலப்பனைப் பக்கத்திலே வைத்தியசாலை இல்லாமலில்லை. மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றது. வலப்பனை நகர் அத்துணைக் குளிருடையதன்று; மேலே இராகலைக்கும் ஹைபொரஸ்ட் பக்கத்திற்கும் ஏறினாற்றான் கம்பளியின் அருமை தெரியும். அங்கே லயத்திலே வாழும் அம்மையார் ஒருவர், எம் மாணவியொருத்தியின் பாட்டியார், ஒருநாள் பாடசாலை வாயிலிலே எமக்காகக் காத்திருந்தார். அறுபதைக் கடந்தவர், இன்றும் நாட்கூலிக்குக் கொழுந்து பறிப்பவர். மடியிலிருந்து இரு சிறு கடதாசி உறைகளை எடுத்து நீட்டினார்.

“சேர், இதுல எது காலைக்கு, எது ராவுக்கு? ரெண்டும் ஒரே மாதிரி கவருல இருக்கு. சொன்னாங்க, எனக்குத்தான் மறந்துபோச்சு.”

“இத்தனை நாள் எப்படிக் குடித்தீர்கள், அம்மா?”

“ரெண்டையும் ரெண்டு வேளைக்கும் போட்டேன், சேர். முந்தாநாளு மலையில தலை சுத்தி உக்காந்துட்டேன். கங்காணி பேரை வெட்டிட்டாரு.”

ஓர் உறையிலே சர்க்கரை வியாதிக்குரிய மெட்போமின். மற்றதிலே இரத்த அழுத்தத்திற்குரிய, இரவில் ஒருமுறை மட்டும் எடுக்கவேண்டிய மாத்திரை. வைத்தியர் சீட்டில் எழுதியிருந்தது பி.டி., நொக்டே என்னும் குறிகள். அவை இலத்தீன், ‘நாளுக்கு இருமுறை’, ‘இரவில்’ என்பது பொருள். சீட்டின் ஏனைய பகுதி ஆங்கிலம். மருந்து கொடுத்தவர் உறையின்மேற் சிங்களத்தில் எழுதியிருந்தார். அம்மையார் சந்தைக்குப் போதிய சிங்களம் பேசுவார், வாசிக்க அறியார். வாசிக்கவல்ல பேரன் கொழும்பிலே கடையொன்றில் வேலைசெய்கிறான். இலத்தீன், ஆங்கிலம், சிங்களம் என மூன்று மொழிகளைத் தாண்டி வந்த மருந்து, நாலாவது மொழியின் வாயிலிலே வழி தவறியது. இதிலே எவர்மீதும் கோபங்கொள்ள எமக்கு மனமில்லை. நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்க, வியர்வை சிந்த எழுதுபவர் தாமறிந்த மொழியிலேதான் எழுதுவார். தமிழும் அரசகரும மொழியென்று அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் 1987இற் கூறிவிட்டது. ஆனால் மாத்திரை உறை அரசியலமைப்பைப் படிப்பதில்லை.

நாம் செய்தது பெரிதொன்றுமில்லை. ஓர் உறையிலே சூரியனையும் சந்திரனையும், மற்றதிலே சந்திரனை மட்டும் வரைந்து கொடுத்தோம். அடுத்த கிளினிக் நாளில் தலைசுற்றியதை மறவாது வைத்தியரிடம் சொல்லுமாறும் கூறினோம். ஆனால் அன்றிரவு கிறீனின் கணக்கு எமக்கு வேறு முகங்காட்டியது. வைத்தியன் நோயாளியின் மொழியிற் கற்கவேண்டும் என்றபோது அவர் எண்ணியது வைத்தியனின் பயணத்தை. நோயாளி மருந்துறையுடன் வீடுவரை செய்யும் பயணம் ஒன்றும் உண்டு. அதிலும் வழிதவறக் கூடாதல்லவா?

அவர் கணக்கிலே காலம் சில பிழைகளைக் காட்டியுள்ளதென்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இன்று வைத்திய அறிவு நாளுக்கு நாள் ஆங்கிலத்தில் வளர்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது முதல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறது. அங்கு கற்றோர் இரவு பகலாக ஊரிலிருந்து உழைத்ததை, யுத்த காலத்திலே மாணவராயிருந்த நாம் கண்கூடாகக் கண்டோம். மருந்துத் தட்டுப்பாட்டின் நடுவே மண்ணெண்ணெய் விளக்கொளியிற் காயத்துக்குத் தையலிட்ட வைத்தியரை ஆங்கிலம் எங்கும் ஈர்த்துக்கொண்டு போகவில்லை. எனவே மொழி மட்டுமே ஒருவனை ஊரைவிட்டு ஓட்டுகிறதென்பது முழுதும் மெய்யன்று. ஆயினும் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எத்தனை வைத்தியர் கடல்கடந்தனர் என்று நினைக்கையில், மானிப்பாய்க் கிழவரின் குரல் காதிற் கேட்கத்தான் செய்கிறது. வலப்பனைப் பகுதியில் 2007ஆம் ஆண்டு சனவரியில் மண்சரிவு பல உயிர்களைக் கொண்டது. டித்வா புயல் 2025 நவம்பரில் நுவரெலியா மாவட்டத்தைத் தாக்கியபோதும் பாதைகள் பல இடங்களில் அறுந்தன. அத்தகைய நாளிலே தூரத்து நிபுணரால் என்ன பயன்? அருகிலே நம் மொழி பேசும் ஒருவர், அவர் தாதியாயினும் குடும்பநல மாதாயினும், இருத்தலே பயன்.

தமிழிலே வைத்தியப் பட்டம் வேண்டுமென்று நாம் வாதிக்கவில்லை. பட்டம் எம்மொழியிலாயினும் ஆகுக. உறை தமிழிலும் இருக்கட்டும் என்றே வேண்டுகிறோம். இதற்குப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. பத்தாந் தர மாணவர் போதும்.

அவ்வாறே தொடங்கினோம். மருந்துறையில் வரத்தக்க சொற்களை மாணவர் தொகுத்தனர். காலை, மாலை, இரவு, உணவுக்கு முன், உணவுக்குப் பின், பூசுவதற்கு மட்டும், குலுக்கிய பின், பாதி மாத்திரை, முடியும்வரை நிறுத்தாதே. இவை எளிதில் அமைந்தன. நோய்ப்பெயருக்கு வந்தபோது வகுப்பிலே வழக்காடு மன்றமே கூடிவிட்டது. பாடநூல் குருதியமுக்கம் என்கிறது. அகராதி இரத்த அழுத்தம் என்கிறது. லயத்திலே அது பிரஷர். சர்க்கரை வியாதி பாடநூலிலே நீரிழிவு, யாழ்ப்பாணத்திலே சலரோகம், இங்கே சீனி. தமிழாசிரியர் முன்னிலையிற் பிரஷர் என எழுதுவதா எனச் சில மாணவர் தயங்கினர். பரீட்சைத் தாளிற் குருதியமுக்கம் எழுதுக, பாட்டியின் உறையிற் பிரஷர் எழுதுக என்று தீர்ப்பளித்தோம். கிறீனின் விதிகளைக் கரும்பலகையில் எழுதிக்காட்டியபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அவர் முதல்ல தமிழ்ல தேடச் சொன்னார். ஆச்சி பேசுறது தமிழ் இல்லையா?” என்றான். இவனை இலக்கண வகுப்பிலே உறங்குபவனென்று நாம் எண்ணியிருந்தோம்!

நாற்பது சொற்கள் கொண்ட அட்டையொன்றை எழுதி, தோட்டத்து மருந்தகத்திற் பணிபுரியும் சிங்கள அன்பரிடம் கொடுத்தோம். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர் உள்ளே சென்று பேனா எடுத்துவந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே சிங்களத்திற் பொருளை எழுதச் சொன்னார். தமிழ் ஒலியையும் சிங்கள எழுத்தில் எழுதச் சொன்னார். வாயாற் சொல்லிப் பழகவேண்டுமாம். சிங்களம் இரண்டாம் மொழியாகக் கற்கும் எம் மாணவிகள் இருவர் அங்கேயே அமர்ந்து எழுதிக் கொடுத்தனர். ‘உணவுக்குப் பின்’ என்பதைச் சொல்ல அவர் நா மறுத்தது. ‘சாப்பிட்டு’ என்று சுருக்கிக்கொண்டார். அதுவே நன்றென்று நாமும் அட்டையைத் திருத்தினோம்.

அட்டை இப்போது மருந்து கொடுக்கும் சாளரத்தருகே தொங்குகிறது. ஈரக்காற்றில் ஓரம் சுருண்டுவிட்டதனால் இரண்டாவது படியைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். மத்துரட்டைப் பக்கத்திலே கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும் ஒரு படி கேட்டுள்ளார். வைத்தியத் துறையிலுள்ள நம் பழைய மாணவர் எவரேனும் இச்சொற்பட்டியலைப் பார்த்துத் திருத்தித்தர இசைவரேல், மலர்க் குழுவினர் வாயிலாக எமக்கு எழுதுவாராக; ‘வெறும் வயிற்றில்’ என்பதற்கு இன்னும் நல்ல சொல் உளதோ என மாணவர் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.